ஐசோமெட்ரிக் அறைகள்: பழைய வீட்டுக் கணினி விளையாட்டுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1980-களில் வந்த ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினியின் விளையாட்டுகளை, அந்தக் கணினி போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் என்ற மென்பொருளில் போட்டுக் காட்டினால், பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். கறுப்புத் திரை நடுவில் மூலையிலிருந்து பார்த்தது போல ஓர் அறை, அதில் கல் மேடைகள், மேடை மேல் ஒரு பந்து. "இது அந்தக் காலத்து மெஷினிலா ஓடுச்சு?" என்பதில் தொடங்கி அடுத்தடுத்து கேள்விகள் வரும். அப்படி என்னிடம் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஐசோமெட்ரிக் என்றால் என்ன?

ஒரு தீப்பெட்டியை மேசை மேல் வைத்து, ஒரு மூலைக்கு நேராக நின்று கொஞ்சம் மேலிருந்து பாருங்கள். மேல் பக்கமும் இரண்டு பக்கச் சுவர்களும் ஒன்றாகத் தெரியும். அந்தப் பார்வையைத் தாளில் வரையும்போது ஒரு விதி வைத்துக்கொள்கிறோம்: தூரத்தில் இருக்கும் பொருள் சிறுத்துப் போகாது. தண்டவாளம் தொடுவானத்தில் போய்ச் சேர்வது போல இங்கே எதுவும் சேராது. இணையாக இருக்கும் கோடுகள் கடைசிவரை இணையாகவே இருக்கும்.

கிரேக்கத்தில் இந்தச் சொல்லுக்கு 'சம அளவு' என்று பொருள். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே அளவுகோலில் சுருங்குவதால் அந்தப் பெயர். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வில்லியம் ஃபேரிஷ் 1822-இல் இதை இயந்திர வரைபடங்களுக்கான முறையாக எழுதி வைத்தார். நம்மூரில் பொறியியல் முதலாண்டில் மினி டிராஃப்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களுக்கு இது புதிதல்ல. கிடைக்கோட்டிலிருந்து 30 பாகை சாய்ந்த கோடு, ஐசோமெட்ரிக் ஸ்கேல், 0.816 என்ற எண் எல்லாம் உடனே நினைவுக்கு வரும்.

விளையாட்டுகளில் வருவதும் அதே 30 பாகைதானா?

இல்லை. 30 பாகைக் கோட்டை அந்தக் காலத்துத் திரையில் போட்டால் படிக்கட்டு ஒழுங்கில்லாமல் வரும். ஓரிடத்தில் இரண்டு பிக்சல் போய் ஒன்று இறங்கும், அடுத்த இடத்தில் ஒரே பிக்சல் போய் ஒன்று இறங்கும். கண்ணுக்கு அது பல் போன சீப்பு மாதிரி இருக்கும்.

அதனால் பெரும்பாலோர் ஒரு சுலபமான சாய்வைப் பிடித்துக்கொண்டார்கள்: பக்கவாட்டில் இரண்டு பிக்சல், கீழே ஒரு பிக்சல். கோடு முழுக்க அதே தாளம். இந்தச் சாய்வின் கோணம் ஏறக்குறைய 26.565 பாகை. வரைகலை இலக்கணப்படி இதற்கு டைமெட்ரிக் என்று பெயர். ஆனால் விளையாட்டு உலகில் ஐசோமெட்ரிக் என்ற பெயரே நிலைத்துவிட்டது, அதை மாற்றச் சொல்லிச் சண்டை போடுவதில் பயனில்லை.

ஒரு கட்டத்தாளை எடுத்து இரண்டு கட்டம் வலப்பக்கம், ஒரு கட்டம் கீழே என்று பென்சிலால் கறுப்படித்துக்கொண்டே போங்கள். எட்டு முறை செய்தால் தரையில் ஒரு ஓடு பதிப்பதற்கான விளிம்பு கிடைத்துவிடும். திரும்பி வந்து மற்ற மூன்று விளிம்புகளையும் போட்டால் 32 பிக்சல் அகலம், 16 பிக்சல் உயரம் கொண்ட வைர வடிவம் உங்கள் முன் படுத்திருக்கும். நான் முதன்முதலில் இதைச் செய்தபோது, தாளில் இருந்தது வெறும் வைரம் என்று என் கண் நம்ப மறுத்தது. அது தரையாகத்தான் தெரிந்தது.

முப்பரிமாணம் காட்ட வேறு வழியும் உண்டே, ஏன் இதைப் பிடித்தார்கள்?

கையில் என்ன இருந்தது என்று முதலில் பார்ப்போம். சின்க்ளேர் நிறுவனத்தின் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 1982-இல் வந்தது. 48 கே (கிலோபைட்) நினைவகம் கொண்ட மாடலின் விலை 175 பவுண்டு. திரை 256-க்கு 192 பிக்சல். உள்ளே 3.5 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இசட்80 செயலி. படத்தைத் தானாக நகர்த்தித் தரும் ஸ்ப்ரைட் வசதி எதுவும் வன்பொருளில் கிடையாது, ஒவ்வொரு பிக்சலையும் நிரல்தான் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், இசட்80-க்குப் பெருக்கவோ வகுக்கவோ தெரியாது. கூட்டலும் கழித்தலும் இரண்டால் பெருக்குவதும் வகுப்பதும்தான் அதற்கு நேரடியாக வரும்.

தூரத்தில் உள்ளது சிறிதாகத் தெரியும் உண்மையான பெர்ஸ்பெக்டிவுக்கு ஒவ்வொரு முனைக்கும் வகுத்தல் தேவை. அதையும் செய்து காட்டியவர்கள் உண்டு. 1984-இல் பிபிசி மைக்ரோ என்ற கணினியில் வந்த எலைட் என்ற விளையாட்டு, விண்கலங்களை வெறும் கோட்டுருவமாக வரைந்து அசத்தியது. ஆனால் கோட்டுருவத்தில் செங்கல்லும் மரமும் முகமும் தெரியாது.

ஐசோமெட்ரிக்கில் கணக்கு இவ்வளவுதான். அறையில் ஒரு பொருள் கிழக்கே எத்தனை அடி, தெற்கே எத்தனை அடி, தரைக்கு மேல் எத்தனை அடி என்று மூன்று எண்கள் வைத்துக்கொள்ளுங்கள். திரையில் அது வலப்பக்கம் எவ்வளவு தள்ளி வரும்? கிழக்கிலிருந்து தெற்கைக் கழியுங்கள். எவ்வளவு கீழே வரும்? கிழக்கையும் தெற்கையும் கூட்டி, பாதியாக்கி, உயரத்தைக் கழியுங்கள். முடிந்தது. பாதியாக்குவது என்பது எண்ணின் பிட்டுகளை (0, 1 இலக்கங்களை) ஒரு இடம் தள்ளி வைப்பது, செயலிக்கு அது ஒரே ஒரு கட்டளை.

தூரம் போனாலும் அளவு மாறாததால், ஓவியர் ஒரு பாத்திரத்தை ஒரே அளவில் அழகாக வரைந்து கொடுத்தால் போதும், அறை முழுக்க அதே படம் செல்லுபடியாகும். இன்னொரு மிச்சமும் உண்டு. ஆள் நான்கு திசையில் நடந்தாலும், முன்பக்கம் தெரிவது ஒன்று, முதுகு தெரிவது ஒன்று என இரண்டு திசைக்குப் படம் இருந்தால் போதும். மற்ற இரண்டும் கண்ணாடியில் பார்ப்பது போலப் புரட்டிப் போட்டவை. 48 கே-க்குள் ஒரு கோட்டையையே அடைக்க வேண்டியவர்களுக்கு இந்தப் பாதி மிகப் பெரிய தொகை.

இந்த வகையில் முதல் விளையாட்டு எது?

ஆர்கேட் எனப்படும் காசு போட்டு ஆடும் பெட்டிகளில்தான் தொடக்கம். 1982-இல் சேகாவின் ஜாக்ஸான் வந்தது. அதன் பெயரே ஆக்சனோமெட்ரிக் என்ற வரைகலைச் சொல்லிலிருந்து வந்தது. அதே ஆண்டு காட்லீப் நிறுவனத்தின் கியூபெர்ட், கனசதுரங்களை அடுக்கிய பிரமிடில் ஒரு ஆரஞ்சு உருவத்தைத் தத்த வைத்தது. ஆனால் கியூபெர்ட்டில் அந்தப் பிரமிடு ஒரு பின்னணிப் படம் மாதிரிதான். ஒரு பொருளுக்குப் பின்னால் போய் மறைவது, ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றுவது எல்லாம் அதில் கிடையாது.

வீட்டுக் கணினியில் உள்ளே புகுந்து சுற்றி வரக்கூடிய திடமான இடத்தை முதலில் காட்டியவற்றில் தலையாயது 1983-இல் வந்த ஆன்ட் அட்டாக்.

ஆன்ட் அட்டாக்கில் என்ன விசேஷம்?

எழுதியவர் சாண்டி வைட், எடின்பரோவில் சிற்பக்கலை படித்தவர். குவிக்சில்வா நிறுவனம் வெளியிட்டது. சிற்பி கட்டிய நகரம் என்பது பார்த்த உடனே தெரியும். ஆன்டெஷர் என்று பெயர், எறும்பையும் எஷர் என்ற ஓவியரையும் சேர்த்து முடிந்த பெயர். மதில் சூழ்ந்த அந்தப் பாழூரில் பெரிய எறும்புகள் அலைகின்றன, உள்ளே ஒருவர் மாட்டிக்கொண்டிருக்கிறார், போய்க் கூட்டி வர வேண்டும். காப்பாற்றப் போவது ஆணா பெண்ணா என்று ஆட்டத்தின் தொடக்கத்திலேயே கேட்கும். அந்த வருடத்தில் அது மிக அரிது.

நகரம் 128-க்கு 128 கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே ஒரு பைட் (எட்டு பிட்), அதன் பிட்டுகள்தான் எந்தெந்த உயரத்தில் கல் இருக்கிறது என்று சொல்லும். மொத்தம் 16,384 பைட். அதாவது நினைவகத்தின் மூன்றில் ஒரு பங்கு வெறும் கல். ஆறு கல் உயரம் வரை கட்டடங்கள் எழும். ஒவ்வொரு உயரமும் தனி பிட் என்பதால் கீழே வெற்றிடம், மேலே கல் என்று வளைவு வாயில்களும் வைக்க முடிந்தது. சுவருக்குப் பின்னால் போய் மறைந்துவிட்டால் நான்கு திசைகளில் ஒன்றுக்குப் பார்வையை மாற்றிக்கொள்ளலாம். பின்னால் வந்த பெரிய பெரிய விளையாட்டுகள் பலவற்றில் இந்த வசதி இல்லை என்பதை நினைத்தால், முதலிலேயே இதை யோசித்தவர் மேல் எனக்குத் தனி மரியாதை.

அப்புறம் ஏன் எல்லோரும் நைட் லோர் பற்றியே பேசுகிறார்கள்?

ஆன்ட் அட்டாக் ஒரு நகரத்தைக் காட்டியது. நைட் லோர் அறைகளையும் அவற்றுக்குள் பொருட்களையும் காட்டியது. 1984 கடைசியில் அல்டிமேட் பிளே த கேம் நிறுவனம் வெளியிட்டது. இங்கிலாந்தின் ஆஷ்பி டி லா ஸூச் என்ற சிற்றூரில் இருந்த இந்த நிறுவனத்தின் முதுகெலும்பு டிம் ஸ்டாம்பர், கிறிஸ் ஸ்டாம்பர் என்ற சகோதரர்கள். பிற்காலத்தில் ரேர் என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றவர்கள் இவர்கள்தாம்.

கதை இது: சேபர்மேன் என்ற வீரனுக்குச் சாபம். பொழுது சாய்ந்தால் ஓநாயாக மாறிவிடுவான். கோட்டைக்குள் இருக்கும் மந்திரவாதியின் கொப்பரைக்கு வேண்டிய பொருட்களை அது கேட்கும் வரிசையில் கொண்டு வந்து போட வேண்டும். நாற்பது நாள் கெடு. திரையின் அடியில் ஒரு சின்னச் சன்னலில் சூரியனும் நிலவும் மாறி மாறி நகரும்.

அந்த மாற்றத்தை ஒரு முறையாவது பார்க்க வேண்டும். நிலவு வந்ததும் சேபர்மேன் நடந்துகொண்டிருந்த இடத்திலேயே நின்று, உடம்பை முறுக்கி, துடித்து, ஓநாயாக நிமிர்கிறான். அந்தச் சில நொடிகள் விசை எதுவும் வேலை செய்யாது. பக்கத்தில் முள் பந்து உருண்டு வந்தாலும் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். ஓநாயாகக் கொப்பரை அறைக்குள் போனாலோ, கொப்பரையே எதிரியாகித் தாக்கும். ஆக, நேரம் பார்த்துத்தான் அந்த அறைக்குள் கால் வைக்க முடியும்.

ஆனால் ஆட்டத்தின் உயிர் பொருட்களின் கனத்தில் இருக்கிறது. ஒரு பெட்டியைத் தள்ளினால் நகரும். அதன் மேல் ஏறலாம். கையில் இருப்பதைக் கீழே வைத்து அதன் மேல் நின்று குதித்து, எட்டாத உயரத்தை எட்டலாம். தட்டையான திரையில் ஓடிய அதற்கு முந்தைய விளையாட்டுகளில் பொருள் என்பது தொட்டால் மறைந்து மதிப்பெண் தருகிற ஒன்று. இங்கே பொருளுக்கு இடம் இருந்தது, பருமன் இருந்தது. இந்தக் கலையின் பெருமை இதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். படம் அழகாக இருந்ததால் மட்டும் இது நிலைக்கவில்லை. மூன்று எண்களை வைத்துக்கொண்டு செய்த கூட்டல் கழித்தல், பொருட்களை உண்மையிலேயே ஒன்றின் மேல் ஒன்று நிற்க வைத்தது.

அல்டிமேட் இந்த நுட்பத்துக்கு ஃபில்மேஷன் என்று பெயர் வைத்து, 1985-இல் அதே அடித்தளத்தில் ஏலியன் 8 வெளியிட்டது. கோட்டைக்குப் பதில் விண்கலம், வீரனுக்குப் பதில் ரோபோ.

நைட் லோரை முடித்துவிட்டு வேண்டுமென்றே தாமதமாக வெளியிட்டார்கள் என்பது உண்மையா?

ஸ்டாம்பர்களே பிற்காலப் பேட்டியில் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். அதே நிறுவனத்தின் சேபர் உல்ஃப் என்ற விளையாட்டு வெளிவருவதற்கு முன்பே நைட் லோர் பெரும்பாலும் தயாராகிவிட்டது, அதை முதலில் விட்டால் அதன் பிறகு தட்டையான சேபர் உல்ஃபை யாரும் சீந்த மாட்டார்கள் என்று நிறுத்தி வைத்தார்களாம்.

ஒரு பொருள் இன்னொன்றின் பின்னால் மறைவதை எப்படிச் செய்தார்கள்?

இரண்டு வேலைகள். முதலாவது, மாஸ்க். ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு அச்சுகள் இருக்கும். ஒன்று, அந்த உருவத்தின் நிழல் வடிவில் பின்னணியை வெட்டியெடுக்கும் அச்சு. மற்றொன்று, வெட்டிய இடத்தில் வைக்கும் உருவம். கோலமாவு அச்சுத் தகடு போல, முதலில் இடத்தைச் சுத்தமாக்கிவிட்டுப் பிறகு படம் பதிகிறது. வெட்டும் அச்சை உருவத்தைவிட ஒரு பிக்சல் பெரிதாக வைத்தால் சுற்றிலும் கறுப்பு விளிம்பு கிடைக்கும். ஒரே நிறத்தில் பத்துப் பொருட்கள் குவிந்து கிடந்தாலும் ஒவ்வொன்றும் தனித்துத் தெரிவது இந்த ஒரு பிக்சலால்தான். 24-க்கு 24 அளவுள்ள ஒரு படத்துக்கு 72 பைட், அதன் அச்சுக்கு இன்னொரு 72 பைட்.

இரண்டாவது, வரிசை. தொலைவில் இருப்பதை முதலில் வரைந்து, கிட்டத்தில் இருப்பதைக் கடைசியில் வரைய வேண்டும். சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர் முதலில் சுவரை முடித்துவிட்டுப் பிறகு அதன் மேல் எழுத்து எழுதுவது மாதிரி. சொல்வதற்கு எளிது. நான் விளையாட்டாக எழுதிப் பார்த்த ஒரு சின்ன அறையில், மேசை மேல் வைத்த பந்து பாதி மேசைக்குள் புதைந்து தெரிந்தது. ஒரு மாலை முழுக்கப் படத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், யார் முன்னால் என்று வரிசைப்படுத்தும்போது கிழக்கையும் தெற்கையும் மட்டும் கூட்டியிருக்கிறேன், உயரத்தைச் சேர்க்கவே இல்லை. அதைச் சேர்த்ததும் பந்து எழுந்து மேசை மேல் உட்கார்ந்தது.

எல்லாப் பொருளும் ஒரே அளவுப் பெட்டியாக இருந்தால் இந்தக் கூட்டல் போதும். நீளமான பொருள் வந்தால் கதை மாறும். மூன்று பலகைகளை ஒன்றன் மேல் ஒன்று முனை ஏறும்படி முக்கோணமாக அடுக்கிப் பாருங்கள்: முதலாவது இரண்டாவதை மறைக்கும், இரண்டாவது மூன்றாவதை மறைக்கும், மூன்றாவது முதலாவதை மறைக்கும். எதை முதலில் வரைவது? எந்த வரிசையும் சரிப்படாது. பழைய விளையாட்டுகளில் பொருட்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கட்ட அளவில் இருப்பதற்கு இந்தச் சிக்கலும் ஒரு காரணம்.

அறை முழுக்க ஏன் ஒரே நிறம்?

ஸ்பெக்ட்ரம் நிறத்தைப் பிக்சல் பிக்சலாக வைத்துக்கொள்வதில்லை. எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட ஒரு கட்டத்துக்கு இரண்டு நிறம்தான். படத்துக்கு 6,144 பைட், நிறத்துக்கு 768 பைட் என்று சிக்கனமாகக் கட்டிய ஏற்பாடு. மஞ்சள் ஆள் பச்சைச் சுவர் அருகே போனால், அவன் நிற்கும் கட்டம் முழுக்க மஞ்சளாகி, சுவரிலும் மஞ்சள் தீற்றிவிடும். ஐசோமெட்ரிக்கில் எல்லாமே சாய்வாக ஓடுவதால் இந்தக் கறை இன்னும் மோசமாக இருக்கும். அதனால் கறுப்புப் பின்னணியில் அறைக்கு ஒரு நிறம் என்று முடிவு செய்தார்கள். ஒரு அறை மஞ்சள், கதவைத் தாண்டினால் அடுத்த அறை மெஜந்தா. வசதிக்குறைவில் பிறந்த ஏற்பாடுதான், ஆனாலும் நிறத்தை வைத்தே அறையை அடையாளம் வைத்துக்கொள்ள ஆடுபவர்களுக்கு அது உதவியது.

அறைக்குள் பொருட்கள் அதிகமானால் ஆட்டம் மெதுவாகிறதே?

நகரும் ஒவ்வொன்றையும் அழித்து, அது மறைத்திருந்த மற்றவற்றையும் சேர்த்து வரிசைப்படி திரும்ப வரைய வேண்டும். நான்கு பந்து துள்ளும் அறையில் செயலிக்கு மூச்சு வாங்கும், அவற்றில் ஒன்று போனதும் ஆட்டம் சட்டென்று வேகம் பிடிக்கும். எமுலேட்டரில் கோளாறு என்று நினைக்க வேண்டாம், நிஜ மெஷினிலும் அப்படித்தான்.

குதித்தால் நினைத்த இடத்தில் விழ முடியவில்லையே, எனக்குத்தான் வரவில்லையா?

உங்கள் மேல் தப்பில்லை. கணக்கைப் பாருங்கள். கிழக்கே 3, தெற்கே 3, உயரம் 0 என்று ஒரு கல். திரையில் அது வலப்பக்கம் 0, கீழே 3. இப்போது கிழக்கே 4, தெற்கே 4, உயரம் 1 என்று இன்னொரு கல். வலப்பக்கம் 0. கீழே எவ்வளவு? எட்டில் பாதி 4, அதில் உயரம் 1 போக 3. இரண்டும் திரையில் ஒரே புள்ளி! தரையில் கிடப்பதும், ஓரடி முன்னால் வந்து ஓரடி மேலே மிதப்பதும் கண்ணுக்கு ஒன்றுதான்.

அந்தரத்தில் தொங்கும் கல்லைப் பார்த்து நாம் தடுமாறுவது இதனால்தான். தரையில் நிழல் விழுந்தால் ஐயம் தீர்ந்துவிடும், ஆனால் நிழலையும் வரைந்துகொண்டிருக்க அன்றைய செயலிக்கு நேரமில்லை. ஆடுபவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆளை அந்தக் கல்லுக்கு முன்னும் பின்னும் நடத்திப் பார்ப்பது. எங்கே கல் ஆளை மறைக்கிறது, எங்கே ஆள் கல்லை மறைக்கிறான் என்பதை வைத்து இடத்தை ஊகிக்கலாம். இன்றைக்கும் நான் புது அறைக்குள் போனால் குதிப்பதற்கு முன் இப்படி ஒரு நடை நடந்துதான் பார்க்கிறேன்.

விசைகளும் குழப்புகின்றனவே?

ஆம். திரையில் வழிகள் எல்லாம் மூலைவாட்டம், விசைகளோ மேல், கீழ், இடம், வலம். நைட் லோரின் தொடக்கப் பட்டியலிலேயே இரண்டு முறைக்கும் இடம் வைத்தார்கள். ஒன்று, ஆளைத் திருப்பிவிட்டு முன்னால் நடத்துவது. மற்றொன்று, ஒவ்வொரு திசைக்கும் ஒரு விசை. எமுலேட்டரில் ஜாய்ஸ்டிக்கை இலேசாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு இரண்டாவது முறையில் ஆடுங்கள். பத்து நிமிடத்தில் கை பழகிவிடும்.

இவற்றில் சிறந்தது என்று எதைச் சொல்வீர்கள்?

ஹெட் ஓவர் ஹீல்ஸ். 1987, ஓஷன் வெளியீடு. நிரல் ஜான் ரிட்மன், ஓவியம் பெர்னி டிரம்மண்ட். நைட் லோரைப் பார்த்து மயங்கிய ரிட்மன், அதைவிடச் சிறப்பாக ஒன்றைச் செய்யக் கிளம்பி முதலில் 1986-இல் பேட்மேன் செய்தார். செத்தால் ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டாம், ஒரு கல்லைத் தொட்டுவைத்தால் அங்கிருந்து தொடரலாம் என்ற வசதியை அதில் வைத்தார். அடுத்த ஆட்டத்தில் அந்தக் கல் மீனாக மாறியது.

ஹெட் ஓவர் ஹீல்ஸில் நீங்கள் இருவர். ஹெட்டுக்கு இறக்கை போன்ற கைகள், உயரக் குதிப்பான், காற்றிலேயே திசை திருப்புவான், டோனட் வீசி எதிரிகளை உறைய வைப்பான். ஹீல்ஸுக்கு வலுவான கால்கள், வேகமாக ஓடுவான், பை கிடைத்தால் பொருள் சுமப்பான். இருவரும் கோட்டைச் சிறையில் தனித்தனியாக அடைபட்டிருக்கிறார்கள். ஒரு விசையைத் தட்டினால் ஒருவரை விட்டுவிட்டு மற்றவரை ஓட்டலாம். சந்திக்கும்போது ஹெட், ஹீல்ஸ் தலை மேல் ஏறி உட்கார்ந்துகொள்வான், இரண்டு பேரின் திறமையும் ஒன்றாகிவிடும்.

அவர்கள் சந்திக்கும் வரை ஆட்டம் தருகிற தனிமையை நான் வேறு எங்கும் அதிகம் உணர்ந்ததில்லை. ஒருவனால் எட்ட முடியாத மேடை, மற்றவனால் தாண்ட முடியாத பள்ளம் என்று அறைகள் ஒவ்வொன்றும் மற்றவனை நினைவுபடுத்திக்கொண்டே இருக்கும். கடைசியில் ஒரே அறையில் இருவரும் நின்றதும் ஒருவனை இன்னொருவனுக்குப் படிக்கட்டாக நிறுத்தலாம் என்று தோன்றும் பாருங்கள், அப்போது நைட் லோரின் பெட்டிகள் என்ன கற்றுக்கொடுத்தன என்பது புரியும். இங்கே பெட்டிக்கு உயிர் வந்துவிட்டது. டிரம்மண்டின் ஓவியமும் சேர்ந்துகொள்கிறது. அன்று இளவரசராக இருந்த சார்லஸின் சாயலில் தலை வைத்த, டாக்டர் ஹூ தொலைக்காட்சித் தொடரில் வரும் டாலெக் போன்ற ரோபோ ஒன்று அறைக்குள் ரோந்து வரும். இப்படியொரு உருவம் வேறு யாருக்கும் தோன்றியிருக்காது.

பெட்டி தள்ளுவது, குதிப்பது தவிர வேறு எதுவும் இந்த முறையில் வரவில்லையா?

வந்தது, அவையும் அருமையானவை. டென்டன் டிசைன்ஸ் 1986-இல் செய்த த கிரேட் எஸ்கேப், இரண்டாம் உலகப் போர்க் கைதிகள் முகாமில் நடக்கிறது. எழுப்பும் மணி, வருகைப் பதிவு, சாப்பாடு, உடற்பயிற்சி என்று முகாமுக்கு ஒரு நாள் ஒழுங்கு உண்டு. நீங்கள் விசையைத் தொடாமல் இருந்தால் உங்கள் கைதி தானாகவே அந்த ஒழுங்கில் நடப்பான். பார்வையில் படாத இடைவெளிகளில் மட்டும் அவனை நீங்கள் எடுத்துக்கொண்டு, தப்பிக்கும் வழி தேட வேண்டும். மேலிருந்து மூலைவாட்டமாகப் பார்க்கும் அந்தக் கோணம் காவல் கோபுரத்திலிருந்து பார்ப்பது போலவே இருக்கும்.

ஸ்பெயினில் ஓபரா சாஃப்ட் 1987-இல் வெளியிட்ட லா அபதியா டெல் கிரிமென், பாக்கோ மெனெண்டெஸ் எழுதியது. 14-ஆம் நூற்றாண்டு மடாலயம் ஒன்றில் கொலைகள், துப்பறியும் துறவி, உடன் ஒரு சீடன். துறவிகள் வழிபாட்டு நேரப்படி அவரவர் வேலைக்குப் போவார்கள், நீங்களும் நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும், தவறினால் உங்கள் கீழ்ப்படிதல் அளவு குறையும், முற்றிலும் குறைந்தால் மடத்தை விட்டே அனுப்பிவிடுவார்கள். அறைக்கு அறை பார்வைக் கோணம் மாறும் என்பதால் முதல் நாள் வழி தவறும். ஆம்ஸ்ட்ராட் சிபிசி போன்ற எட்டு பிட் மெஷினில் ஒரு முழு மடத்தின் நாளையே நடத்திக் காட்டியது எனக்கு இன்றும் வியப்புதான்.

அதே காலத்து இன்னொரு வீட்டுக் கணினியான கமடோர் 64-இல் இவை ஏன் குறைவு?

அதில் எட்டு வன்பொருள் ஸ்ப்ரைட்டுகள் இருந்தன, ஆனால் அவை பக்கவாட்டு ஓட்டங்களுக்கு ஏற்றவை. ஒரு தூணின் பின்னால் பாதி மறைந்து நிற்கும் ஆளைக் காட்ட, கடைசியில் நிரலே எல்லாவற்றையும் வரைய வேண்டி வரும், அங்கே செயலியின் வேகம் 1 மெகாஹெர்ட்ஸ் அளவுதான். நைட் லோரை அல்டிமேட் அதற்குத் தரவில்லை. ஹெட் ஓவர் ஹீல்ஸ் வந்தது.

அந்தக் காலத்தில் இந்தியாவில் ஸ்பெக்ட்ரம் கிடைத்ததா?

கிடைத்தது. டெசிபெல்ஸ் என்ற நிறுவனம் உரிமம் பெற்று ஸ்பெக்ட்ரம் பிளஸ் மாடலை இங்கேயே விற்றது.

பிறகு இந்தப் பாணி எங்கே போனது?

முதலில் திகட்டியது. நைட் லோருக்குப் பின் இரண்டு மூன்று வருடங்களுக்கு அதே மாதிரி அறை, அதே மாதிரிப் பெட்டி என்று விளையாட்டுகள் குவிந்தன, அவற்றில் பாதிக்கு மேல் ஆட்டமாகத் தேறாது. பதினாறு பிட் மெஷின்கள் வந்தபோது அறைப் புதிர்கள் குறைந்து, அதே கோணம் நிலப்பரப்புக்கு இடம் மாறியது. 1989-இல் பாப்புலஸ், 1993-இல் சிம்சிட்டி 2000, 1994-இல் டிரான்ஸ்போர்ட் டைகூன், 1996-இல் டயாப்லோ. பிரவுசிங் சென்டரில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆடியவர்கள் எல்லாம் இதே சாய்ந்த கட்டத்தில்தான் வீடு கட்டினார்கள்.

நான் மேலே சொன்ன '3, 3, 0' குழப்பத்தையே 2014-இல் மான்யுமென்ட் வேலி என்ற விளையாட்டு எடுத்துக்கொண்டது. திரையில் ஒன்றாகத் தெரியும் இரண்டு இடங்கள் அங்கே நிஜமாகவே ஒன்றாகிவிடும், அதன் நாயகி அதில் நடந்தே போய்விடுவாள். முப்பது வருடமாக ஆடுபவர்களைத் தடுக்கி விழ வைத்தது, அங்கே பாலமாகிவிட்டது.

இப்போது எதிலிருந்து ஆடத் தொடங்கலாம்?

முதலில் ஹெட் ஓவர் ஹீல்ஸ். ரெட்ரோஸ்பெக் குழு நவீனக் கணினிக்குச் செய்த மறுஆக்கம் இருக்கிறது, நிறங்களும் நிறைய. நைட் லோர், எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு 2015-இல் வந்த ரேர் ரீப்ளே தொகுப்பில் உண்டு. ஸ்பெக்ட்ரம் ஆட்டங்களுக்கு ஃபியூஸ் என்ற எமுலேட்டர் போதும். வேகத்தைக் கூட்டாமல் நிஜ வேகத்திலேயே வையுங்கள்.

நானே ஒரு அறை செய்து பார்க்க முடியுமா?

எந்த நிரல் மொழியிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். 32-க்கு 16 வைர ஓடு ஒன்று, அதே அகலத்தில் ஒரு கல், ஒரு பந்து என மூன்று படம் வரையுங்கள். எட்டுக்கு எட்டு தரை போடுங்கள். கல்லை நடுவில் வைத்து, பந்தை அதைச் சுற்றி ஒரு முழு வட்டம் நடத்துங்கள். பின்னால் போகும்போது மறைந்து, முன்னால் வரும்போது கல்லை மறைத்தால் வரிசை சரி. அடுத்து பந்தைக் கல் மேல் ஏற்றுங்கள். உள்ளே புதைந்தால், உயரத்தைக் கூட்டினீர்களா என்று பாருங்கள்.